ஜனவரி ஒற்றுமை ஜெபம்: ஈரோடு குழுவினருக்கு

அனைவருக்கும் ஸ்தோத்திரம்ங்க. கிறிஸ்தவ ஒற்றுமைக்கான ஜெப வாரம் வழக்கம்போல ஜனவரி 18 முதல் 25 வரை. 1908ல் தொடங்கிய வழக்கம் இது. திங்கள் ராத்திரி ஜவுளிச் சந்தைக்குப் போகிறவர்கள் நம்மில் பலர் என்பதால் அன்று மட்டும் கூட்டம் இல்லை. மஞ்சள் வெட்டுக்குப் போகிறவர்கள் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை, வாங்க.

ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே எல்லோரும் வரலாம். நற்கருணை (அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்து) இருக்காது. அதில் ஒவ்வொரு சபைக்கும் ஒரு ஒழுங்கு உண்டு, அதை மீறச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம். எல்லாரும் ஒன்றாயிருக்க இயேசு ஜெபித்த யோவான் 17ஆம் அதிகாரம் வாசிப்போம், சேர்ந்து ஜெபிப்போம். ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பா என்ற விவாதத்தைத் தயவுசெய்து வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள் (போன தடவை டீ ஆறியதே அதனால்தான்).

வெவ்வேறு சபைகள் ஒன்றுசேர்வதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு: 1830ல் கோயம்புத்தூருக்கு வந்த லண்டன் மிஷன் என்ற மிஷனரி சங்கம் காங்கிரிகேஷனல் மரபு (ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் மரபு). ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் சபைகளோடு அந்த மரபும் இணைந்துதான் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் சி.எஸ்.ஐ. உருவானது. பல வருடப் பேச்சுவார்த்தைக்குப் பிறகுதான், சும்மா இல்லை. ஆனால் நம் கூட்டம் சபைகளை இணைக்க அல்ல; பக்கத்துத் தெரு விசுவாசியின் பெயர் சொல்லி ஜெபிக்க.

டீயும் சுண்டலும் உண்டு. வருகிறவர்கள் இங்கேயே சொல்லிவிடுங்க.