நான்கு வாக்குச்சீட்டுக்குக் காத்திருக்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிராமத்து ஜனங்கள் காசுக்காகத்தான் வரிசையில் நிற்கிறார்கள் என்று சென்னையில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் ஒவ்வொரு தேர்தலின்போதும் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு மனசு நொந்துதான் இதை எழுதுகிறேன். எங்கள் ஊராட்சித் தேர்தல் நடக்காமல் கிடப்பதையும் சொல்ல வேண்டும்.

நான் பாலக்கோடு பக்கத்தில் தக்காளி போடும் விவசாயி. 2021 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் பாலக்கோடு தொகுதியில் 87.33 சதவீத ஓட்டு விழுந்தது. சென்னை வில்லிவாக்கத்தில் 55.52. 2024 மக்களவைத் தேர்தலிலும் தருமபுரியில் 81.20, மத்திய சென்னையில் 53.96. காசு யாரும் கொடுக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வாங்காதவர்களும் அதே வெயிலில், அதே வரிசையில்தான் நின்றார்கள். பெங்களூரில் பெயின்ட் வேலை செய்யும் என் மகன், முதல் நாள் ராத்திரி ராயக்கோட்டை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தான். அவனுக்குப் போன கூலியும் பஸ் காசும் யார் கொடுத்தது?

இங்கே ஓட்டுப் போடாமல் இருப்பது மறைக்க முடியாத விஷயம். விரலில் மை இல்லையென்றால் டீக்கடையில் கேட்பார்கள், களத்தில் கேட்பார்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் ஏஜென்டுகள் பட்டியலைப் பார்த்து, இன்னும் வராதவர் வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். நடக்க முடியாத என் மாமியாரை எதிர்க்கட்சிக்காரப் பையன்தான் வண்டியில் கூட்டிப்போய் வந்தான். அவர் யாருக்குப் போடுவார் என்று அவனுக்கும் தெரியும்.

எங்கள் தெருவில் இரட்டை இலையும் உண்டு, உதயசூரியனும் உண்டு, மாம்பழமும் உண்டு. 2001 முதல் 2021 வரை ஐந்து சட்டமன்றத் தேர்தல்களிலும் பாலக்கோட்டில் அ.தி.மு.க. ஜெயித்தது. தருமபுரி மக்களவைத் தொகுதியிலோ 2014-இல் பா.ம.க., 2019-இலும் 2024-இலும் தி.மு.க. எங்கள் ஜனங்கள் தேர்தலுக்குத் தேர்தல் யோசித்துத்தான் போடுகிறார்கள்.

இவ்வளவு அக்கறையாக ஓட்டுப் போடும் எங்களிடமிருந்து, கைக்கு எட்டும் ஊராட்சி ஓட்டை மட்டும் அரசு ஏன் பிடுங்கிக்கொண்டது என்பதுதான் என் கேள்வி. 2019 டிசம்பரில் நடந்த ஊராட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள் என்று நான்கு சீட்டில் முத்திரை குத்தினோம். அந்தத் தேர்தலில்தான் நான் வார்டு உறுப்பினர் ஆனேன். வார்டு உறுப்பினருக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. அதனால் கட்சி பார்க்காமல் ஆளைப் பார்த்துப் போட்டார்கள். என் கொழுந்தனார் வேறு கட்சி. எனக்காக வீடு வீடாக வந்தார்.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் பதவிக்காலம் முடிந்தது. அப்புறம் எங்களுக்குப் பதிலாக அரசு போட்ட தனி அலுவலர். 2025 தீபாவளி வந்தும் தேர்தல் வரவில்லை. ஐந்து வருடம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபோதும் மூன்று வருடத்துக்கு மேல் இப்படித்தான் கிடந்தோம்.

இதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். எங்கள் தெருக்குழாய் உடைந்து பதினெட்டு நாள் தண்ணீர் இல்லை. முன்பு இரவு பத்து மணிக்குக்கூட என் வீட்டுக் கதவைத் தட்டித் திட்டுவார்கள். காலையில் ஆளைக் கூட்டிவந்து சரிசெய்தாக வேண்டும். இல்லையென்றால் என்னால் தெருவில் நடக்க முடியாது. தனி அலுவலருக்கு எங்கள் தெருவில் நடக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் நல்லவர்தான், ஆனால் அவர் கையில் பல ஊராட்சிகள் இருக்கின்றன. ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து கேட்டேன். குறித்துக்கொண்டார்கள்.

2026 சட்டமன்றத் தேர்தலுக்கு எல்லாக் கட்சிகளும் 2025-இலேயே பூத் கமிட்டி போட்டன. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ஊராட்சித் தேர்தல் தேதியைக் கேட்கப்போகிறோம். உங்கள் பத்திரிகையும் கேட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் வார்டு உறுப்பினர் ஒருவர்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.