'வகுப்பு' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? எங்கள் சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் சேகரத்துச் சபைகளின் போதகர் ஐயரவாள் அவர்களுக்கும், கமிட்டி அங்கத்தினர்களுக்கும், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஸ்தோத்திரம்.

ஞாயிறுதோறும் சபையில் வேதம் கற்பிக்கும் ஓய்வுநாள் பள்ளியின் தேர்வுக்கான விண்ணப்பத்தில், பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே நாங்கள் படிப்பிக்கும் என் மகளுக்கும் மகனுக்கும் பெயர், ஞானஸ்நானம் பெற்ற தேதி, தகப்பன் பெயர் எல்லாம் நிரப்பி, 'படிக்கும் பள்ளி' என்ற கட்டத்தில் 'வீடு' என்று எழுதி, 'வகுப்பு' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து படியிறங்கும்போது இரண்டு தாள்களும் என் கைக்கே திரும்பி வந்தன. தலைமையாசிரியர் கையொப்பம் இல்லாமல் எடுத்துக்கொள்ள வழியில்லை என்றார்கள். தேர்வுக்கென்று மனப்பாடம் செய்திருந்த வேதாகமச் சங்கீதத்தை அன்று மத்தியானம் யாரும் கேட்காமலே ஒருமுறை முழுவதும் சொல்லிவிட்டு மகள் விளையாடப் போய்விட்டாள். அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, நான்தான் பேசுகிறேன்.

"பள்ளிக்கூடத்தால் எழும்பின சபையில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத ஒரு குடும்பமா?" என்று கமிட்டியில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். அந்தக் கேள்வியை நான் எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி இரேனியஸ் ஐயர் காலந்தொட்டு இந்தச் சீமையில் கோவிலும் பள்ளிக்கூடமும் சேர்ந்தே வளர்ந்தன. 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் ஐயரை மொழிநூலுக்காக உலகம் அறியும். அவருடைய மனைவி எலைசா அம்மையார் அதே ஊரில் பெண்பிள்ளைகளைக் கூட்டிவைத்து எழுத்தும் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்ததை நம் பாட்டிமார் அறிவார்கள். நானே சாரா டக்கர் கல்லூரியில் கணிதம் படித்தவள். இந்த மண்ணில் ஒருநாளும் கால் வைத்திராத ஒரு பெண்மணியின் பெயரைத் தாங்கிய வாசல் வழியாகத்தான் பட்டத்தோடு வெளியே வந்தேன். ஆகையால் பள்ளிக்கூடத்தின் அருமை தெரியாமல் இந்த முடிவை எடுத்தோம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

பிள்ளையை வீட்டிலும் வழியிலும் கருத்தாய்ப் போதிக்கச் சொல்லும் வேதாகமத்தின் உபாகமம் ஆறாம் அதிகாரத்தைக் காட்டி, பள்ளிக்கு அனுப்புகிற பெற்றோர் கீழ்ப்படியாதவர்கள் என்று பேசுகிறவர்களும் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் காரணம் சிறியது. மூன்றரை வயதில் மகளை வேனில் ஏற்றி அனுப்பினோம். காலை ஏழேகாலுக்குத் தூக்கக் கலக்கத்தோடு போனவள் மாலையில் தூங்கிக்கொண்டே வந்தாள். குடும்ப ஜெபத்துக்கு அவளை எழுப்ப மனம் வராத ஓர் இரவில் நானும் என் கணவரும் பேசி எடுத்த முடிவு இது.

எங்கள் காலைப்பொழுது எப்படிப் போகிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். விடியுமுன் என் கணவர் பறித்து வரும் முருங்கைக்காயைத் திண்ணையில் சாக்கு விரித்துப் பிள்ளைகள்தான் தரம் பிரிப்பார்கள். ஆறு வயது மகன் ஒருநாள் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கிலோவுக்குத் தடித்த காய் எட்டு நிற்பதையும் மெலிந்த காய் பன்னிரண்டு நிற்பதையும் எண்ணிப் பார்த்துவிட்டு, தராசு பொய் சொல்கிறது என்று முடிவு கட்டினான். எடை ஒன்றாகவும் எண்ணிக்கை வேறாகவும் இருக்கலாம் என்பது அவனுக்குப் பிடிபட அந்தக் காலை முழுவதும் சென்றது. மூன்று நாள் கழித்து அரசுப் பாடநூலில் எடை பற்றிய பக்கம் வந்தபோது, இதுதானே என்று கடந்து போனான். மகளுக்கு வாசிப்பு ஜெப நேரத்தில்தான் வளர்ந்தது. ஆதியாகமத்தில் 'வெளிச்சம் உண்டாகக்கடவது' என்று வாசிக்கையில், "கடவது என்றால் கடவுள் சொன்னது என்று அர்த்தமா?" என்று கேட்டாள். கணிதம் படித்த நான் விழித்தேன். "ஆகட்டும்னு அர்த்தம், ஏட்டி" என்று என் மாமியார்தான் தீர்த்துவைத்தார்.

குறைகளையும் மறைக்கவில்லை. மகள் ஏழு வயது வரை தட்டுத் தடுமாறித்தான் வாசித்தாள்; எனக்கு அந்த ஆண்டு சரியாகத் தூக்கமே இல்லை. ஆங்கிலம் பேசுவதில் இருவரும் பின்தங்கியிருக்கிறார்கள். தெருப் பிள்ளைகள் மாலை வேனிலிருந்து இறங்கும்வரை விளையாட்டுத் துணை கிடையாது. கடைக்குட்டிக்குக் காய்ச்சல் வந்தால் அன்று மற்ற இருவருக்கும் பாடம் இல்லை. நான் சத்தம் போட்டுவிட்டு இரவில் வருந்துகிற நாட்களும் உண்டு. ஆனால் பிள்ளைகளை அடைத்துவைத்திருக்கிறோம் என்ற பேச்சு மட்டும் உண்மையில்லை. ஓய்வுநாள் பள்ளியும், விடுமுறை வேதாகமப் பள்ளியும், கிறிஸ்துமஸ் கீத பவனியும்தான் அவர்கள் தங்கள் வயதுப் பிள்ளைகளோடு கூடுகிற இடங்கள். அந்தக் கதவைத்தான் இந்த விண்ணப்பம் அடைக்கிறது.

சட்டத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் நேராகவே சொல்கிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றியது. அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது, அதே நேரத்தில் சேர்க்காத பெற்றோருக்கு அச்சட்டத்தில் தண்டனை எதுவும் வகுக்கப்படவில்லை, வீட்டுக்கல்வி என்ற பேச்சே அதில் இல்லை. இடம் தெளிவற்றது என்று தெரிந்தேதான் நிற்கிறோம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 3, 5, 8 வகுப்புகளுக்கு நிகரான நிலைகளில் தேர்வு நடத்துகிறது. நம் மாநிலத்தில் 12½ வயது நிறைந்தவர் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். ஆனாலும், மருத்துவப் படிப்புக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் என்பதால், மகளை அந்த வகுப்பில் அரசுப் பள்ளியில் சேர்ப்பதா என்று வீட்டில் இப்போதே பேசிக்கொண்டிருக்கிறோம். அப்படிச் சேர்க்கப் போனால் அதே சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, முந்தைய வகுப்புச் சான்று கேட்காமல், அவள் வயதுக்குரிய வகுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அரசு வயதைப் பார்த்து எடுத்துக்கொள்கிற பிள்ளையை, ஞானஸ்நானப் பதிவேட்டில் பிறந்த தேதியோடு பெயர் எழுதிவைத்திருக்கிற சபையும் வயதைப் பார்த்தே எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? நான் கேட்பது இவ்வளவே. வீட்டுக்கல்வியைக் கமிட்டி ஆதரிக்க வேண்டாம். பிரசங்க பீடத்திலிருந்து ஒரு வார்த்தையும் வேண்டாம். தேர்வுப் பிரிவுகளை வயதின்படி வகுத்தால் போதும். எங்களைப் பற்றி ஐயம் உள்ளவர்கள் வாரநாளில் எந்தக் காலையிலும், முன்கூட்டிச் சொல்லாமலும், வீட்டுக்கு வரலாம். திண்ணையில் முருங்கைக்காயைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுத்தான் உட்கார வேண்டியிருக்கும்.

திரும்பி வந்த இரண்டு விண்ணப்பங்களையும் இத்துடன் மறுபடி வைத்திருக்கிறேன். 'வகுப்பு' என்ற கட்டத்தில் இம்முறை ஒன்றில் 8 வயது என்றும், மற்றதில் 6 வயது என்றும் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
சபையின் அங்கத்தினள் ஒருத்தி,
திசையன்விளை வட்டாரம்.