செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம். இந்த அறிக்கை வழக்கம்போல் வாட்ஸ்அப் குழுவிலும் போடப்படும். அங்கே அவர்கள் தவறாமல் வருகை தருவார்கள்.

உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் நாகப்பட்டினத்து ஹாம் வானொலி ஆர்வலர்களின் சங்கமான நமது சங்கத்தில் மார்ச் 31 நிலவரப்படி 43 உறுப்பினர்கள் இருக்கிறோம். செயற்குழு நான்கு முறை கூடியது. இரண்டு முறை கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை, இருந்தது.

ஏப்ரல் 18 உலக அமெச்சூர் வானொலி நாள் என் வீட்டு மொட்டை மாடியில் சுண்டலுடன் கொண்டாடப்பட்டது. மே 10, 11 தேதிகளில் பூமியைத் தாக்கிய சூரியப் புயலால் சிற்றலை பெரும்பாலும் அடங்கிக் கிடந்தது. தம்முடைய சாதனம்தான் பழுதாகிவிட்டது என்று எண்ணி மூடியைக் கழற்றிய ஓர் உறுப்பினர், அதை மறுபடி பூட்ட ஜூன் மாதம் ஆயிற்று. ஆகஸ்ட் 17, 18, கலங்கரை விளக்கங்களின் அருகிலிருந்து ஹாம்கள் பேசும் கலங்கரை விளக்க வார இறுதிக்குக் கோடியக்கரை சென்றோம். கைக்கு 33 அடியாக, 40 மீட்டர் அலைக்கான டைபோல் என்னும் இருகைக் கம்பி ஆன்டெனா ஒன்றைச் சவுக்கு மரங்களுக்கிடையே கட்டிப் பேசினோம். கொசு மிகுதி. அக்டோபரில் சாரணர் மாணவர்கள் வந்து பேசிப் பார்த்தார்கள், மகிழ்ந்தார்கள்.

ஜூலை 31 புதன்கிழமை, நமது வாராந்தர நெட், அதாவது வானொலியிலேயே கூடும் கூட்டம், நடக்கும் இரவு. 1924-ல் அதே தேதியில்தான் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் நிறுவிய மெட்ராஸ் மாகாண வானொலிச் சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கியது. அரசு வானொலி என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே, ஆர்வலர்கள் கூடிச் செய்த காரியம். நூற்றாண்டு என்பதால் அன்றைய நெட்டில் இதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். செக்-இன் செய்தவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

செப்டம்பரில், பேசவும் கேட்கவும் உதவும் பிட்எக்ஸ் டிரான்சீவர் கட்டும் பயிற்சி நடத்தினோம். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் 2003-ல் வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று வரைபடத்தைப் பொதுவில் விட்ட கருவி அது. அதில் சில காயில்களைக் குழாய்க்குப் போடும் சாதாரண வாஷரில் சுற்றிக்கொள்ளலாம். நான் போய் இருபது வாஷர் கேட்டதும், "எத்தனை வீட்டில் ஐயா குழாய் ஒழுகுகிறது?" என்று இரும்புக் கடைக்காரர் விசாரித்தார். ஏழு பேர் தொடங்கினார்கள், இரண்டு பேர் முடித்தார்கள். மற்ற ஐந்து பலகைகளும் அவரவர் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கும் என நம்புகிறேன்.

உரிமத் தேர்வுக்கு மூன்று மாணவர்கள் எழுதினார்கள். ஒரு மாணவி தொடக்க நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடில் தேறி, வியூ3 என்று தொடங்கும் அழைப்புக்குறி பெற்றிருக்கிறார். பன்னிரண்டு வயது நிறைந்தால் யாரும் எழுதலாம் என்பதை, பேரப்பிள்ளைகள் உள்ள உறுப்பினர்களுக்கு நினைவூட்டுகிறேன். இந்த மாணவியைப் பற்றிக் கீழே மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி ரிப்பீட்டர். செயற்குழு கூடும்வரை காத்திராமல் இதற்கு நானே கேபிள் வாங்கிவிட்டேன் என்று இந்த ஆண்டு என் மீது வந்த விமர்சனங்கள் எல்லாம் இதைப் பற்றியவைதான் என்பதால் சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன்.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. கையில் வைத்திருக்கும் ஹேண்டியின் ஐந்து வாட், நமது தட்டையான ஊரில்கூட நாலு தெருவைத் தாண்டினால் தேய்ந்துவிடும். நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் ரிப்பீட்டர் அந்தக் குரலை ஓர் அலைவரிசையில் கேட்டு, அந்த நொடியே 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னோர் அலைவரிசையில் 25 வாட்டாகத் திரும்பச் சொல்கிறது. வேளாங்கண்ணியில் இருப்பவரும் திருமருகலில் இருப்பவரும் பேசிக்கொள்வது இதனால்தான். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரை கடந்த பிறகு செல்பேசியும் மின்சாரமும் இல்லாமல் இந்த மாவட்டம் எத்தனை நாள் கிடந்தது என்பது இங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் ரிப்பீட்டர் வேண்டும் என்று இதே பொதுக்குழு கைதட்டி முடிவெடுத்தது. கைதட்டியவர்களின் எண்ணிக்கை குறிப்பேட்டில் இருக்கிறது.

அக்டோபர் மூன்றாம் வாரம் மழை பிடித்ததும் ரிப்பீட்டரின் குரல் மங்கியது. வேளாங்கண்ணி உறுப்பினர் கேட்கவில்லை என்றார். கீழையூர் உறுப்பினரை ரிப்பீட்டரே கேட்கவில்லை. கீழே அறையில் எஸ்டபிள்யூஆர் மீட்டர் வைத்துப் பார்த்தோம். அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் மீட்டர் அது; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. 1.2 காட்டியது. இதைவிட நல்ல அளவு எதற்கு, ஆன்டெனாவும் கேபிளும் நன்றாக இருக்கின்றன, கோளாறு, ஒரே ஆன்டெனாவில் கேட்பதையும் சொல்வதையும் பிரித்து வைக்கும் டூப்ளெக்சரில்தான் என்று குழுவில் பலர் எழுதினார்கள். டூப்ளெக்சரின் கேவிட்டிகள் என்னும் உள்ளறைகளைத் திருகி மறுபடி டியூன் செய்ய வேண்டும் என்று ஒரு மூத்த உறுப்பினர் நாற்பது வரி எழுதினார். அவர் ரிப்பீட்டர் அறையைப் பார்த்ததில்லை.

எனக்கு அந்த 1.2 மீதுதான் சந்தேகம். கேபிள் நனைந்துபோனால் சக்தியைத் தானே விழுங்கும். ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தியும் அதே கேபிள் வழியாகத்தான் இறங்கி வர வேண்டும். வரும் வழியில் அதையும் விழுங்கிவிடும். கீழே மீட்டருக்கு எதுவும் திரும்பவில்லை, ஆகவே எல்லாம் நலம் என்று அது காட்டும். கேபிள் கெடக் கெட எஸ்டபிள்யூஆர் அழகாகத் தெரியும். இதைக் குழுவில் எழுதினேன். ஒருவர் சிரிக்கும் முகம் போட்டார்.

நவம்பர் 17 ஞாயிறு காலை மேலே ஏறுவது என்று அறிவித்தேன். 43 பேரில் வந்தவர்கள் நானும் பொருளாளரும் புதிய மாணவியும். மாணவியின் தந்தை வயரிங் வேலை செய்பவர். அவர் நம் உறுப்பினரே அல்லர். மகள் கட்டடத்தின் உச்சிக்குப் போகிறாளே என்று கயிற்றோடு கூடவே வந்துவிட்டார். மாணவியைக் கீழே அறையில் மீட்டர் முன் நிறுத்திவிட்டு நாங்கள் மூவரும் தண்ணீர்த் தொட்டி மீது ஏறினோம்.

முதலில் ஆன்டெனாவைக் கேபிளிலிருந்து கழற்றினேன். கேபிள் முனை வெறுமனே காற்றில் தொங்குகிறது. இந்த நிலையில் கீழே மீட்டர் முள் கோடிக்கு ஓட வேண்டும். ஹேண்டியில் கேட்டேன். "1.3 ஐயா," என்றார் மாணவி. மறுபடி பார்க்கச் சொன்னேன். மறுபடியும் 1.3. ஆன்டெனாவே இல்லாமல் 1.3! அதாவது இத்தனை நாளும் நாம் அளந்து மகிழ்ந்தது ஆன்டெனாவை அல்ல, ஊறிப்போன கேபிளை. பிறகு மேல் முனையில் வாட் மீட்டரையும், ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்ளும் டம்மி லோடையும் பொருத்தினோம். கீழேயிருந்து 25 வாட் அனுப்பினால் மேலே வந்து சேர்ந்தது 3 வாட். மீதி 22 வாட் கேபிளைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. வரும் குரல்களுக்கும் அதே கதிதான். கீழையூர் உறுப்பினர் காணாமல் போனது இப்படித்தான்.

கேபிள் முனையின் பிஎல்-259 கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சை. மேலுறையைக் கத்தியால் கீறிப் பார்த்தோம். செம்புப் பின்னல் கரிபோல் கறுத்திருந்தது. இரண்டடி கீழே வெட்டியபோதும் கறுப்பு. முனையைத் தாழ்த்தியதும் மைபோல் தண்ணீர் சொட்டி என் வேட்டியில் விழுந்தது. அந்தக் கறை இன்னும் போகவில்லை. வேட்டிக்கான பில் எதுவும் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

தண்ணீர் எப்படிப் போயிற்று? கனெக்டர் மீது சுற்றியிருந்தது சாதாரண இன்சுலேஷன் டேப். வெயிலில் காய்ந்து வாய் பிளந்துவிட்டது. 2021-ல் அதைச் சுற்றியவன் நானேதான் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறேன். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் வாங்க வேண்டும் என்று அன்றே செயற்குழுவில் வைத்தேன். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று தீர்மானமானது. அடுத்த கூட்டத்தில் கோரம் இல்லை.

இதனால்தான் இந்த முறை நான் காத்திருக்கவில்லை. செயற்குழு நவம்பர் 24-ல் கூடுவதாக இருந்தது. வங்கக் கடலில் அடுத்த தாழ்வு எப்போது உருவாகும் என்று எந்தச் செயற்குழுவும் சொல்ல முடியாது. சந்தேகம் வலுத்தபோதே, நவம்பர் 15 அன்று, எல்எம்ஆர்-400 ரகக் கேபிள் முப்பது மீட்டரும் கனெக்டர்களும் ரப்பர் டேப்பும் என் சொந்தப் பணத்தில் சென்னையிலிருந்து பார்சலில் வரவழைத்துவிட்டேன். பழைய ஆர்ஜி-58 ரகத்தையே மலிவாக வாங்கியிருக்கலாமே என்று கேட்கப்பட்டது. புத்தம் புதிய ஆர்ஜி-58-ஆக இருந்தாலும் முப்பது மீட்டருக்கு 145 மெகாஹெர்ட்ஸில் நாலில் மூன்று பங்கைத் தின்றுவிடும். 25 வாட்டில் மேலே போய்ச் சேருவது ஆறு வாட். புதிய கேபிளைப் பொருத்தியதும் மேலே 18 வாட் காட்டியது. மூன்று இடங்களில் விலை கேட்டு ஒப்பிட்டிருக்கலாம் என்றும் கேட்கப்பட்டது. கேட்டவர் ஓர் இடத்திலாவது கேட்டுச் சொல்லியிருக்கலாம்.

நாங்கள் மேலே ஏறி ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 26 முதல் மழை கொட்டியது. ஃபெஞ்சல் புயல் நம்மை விட்டுவிட்டு 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது; இங்கே பெரிய சேதம் இல்லாததால் ரிப்பீட்டர் எவர் உயிரையும் காத்ததாக நான் உரிமை கோரவில்லை. ஆனால் அந்த நாட்களில் இரவு ஒன்பது, பன்னிரண்டு, மூன்று மணிக்கு நெட் நடத்தினோம். நள்ளிரவு நெட்டில் ஆறு பேர். வேளாங்கண்ணியும் கீழையூரும் பக்கத்து அறையில் பேசுவதுபோல் கேட்டன. மூன்று மணி நெட்டை ஓரிரவு அந்த மாணவியே நடத்தினார். அறிக்கைகளை வாங்கி, நேரத்தோடு எழுதி, குரல் நடுங்காமல் முடித்தார். மறுநாள் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் யாரும் என்னைக் குறை சொல்ல வேண்டாம்.

கேபிள் செலவு ஏழாயிரத்துச் சொச்சம். ஜனவரி கூட்டத்தில் ஒப்புதல் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. நிதி நிலை சீரானதும் திருப்பித் தருவதாகத் தீர்மானம். சீராவது எப்படி என்பதை அடுத்த பத்தியில் காண்க.

ஆண்டுச் சந்தா 500 ரூபாய். செலுத்தியவர்கள் 17 பேர். மீதி 26 பேரில் ஒன்பது பேர் கொரோனாவுக்கு முந்தைய காலத்திலிருந்தே பாக்கி. நமது பொழுதுபோக்கு மலிவானதல்ல என்பது எனக்குத் தெரியும். ஐகாம் ஐசி-7300 வாங்கி, பெட்டியைப் பிரிக்கும் படங்களை ஒவ்வொன்றாகக் குழுவில் போட்ட உறுப்பினரின் மகிழ்ச்சியில் நானும் பங்குகொண்டு கட்டைவிரல் உயர்த்தினேன். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். லட்சத்தைத் தாண்டும் அந்த வானொலியின் விலையில் எத்தனை ஆண்டுச் சந்தா அடங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் வயதுக்கு அத்தனை ஆண்டுச் சந்தா தேவைப்படாது. மேலே சொன்ன மெட்ராஸ் மாகாணச் சங்கம் 1927-ல் மூடப்பட்டது. காரணம் இடி மின்னல் அல்ல, பணமின்மை. கருவியை மாநகராட்சியிடம் ஒப்படைத்துவிட்டுக் கலைந்தார்கள். நமது ரிப்பீட்டரை ஒப்படைத்தால் வாங்கிக்கொள்ள யாராவது இருக்கிறார்களா என்று நான் இன்னும் விசாரிக்கவில்லை.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். பொதுவாகச் சொன்னால், தொடக்க இருப்பு ஓரளவு இருந்தது, வரவு சுமார், செலவு அவசியமானது, இறுதி இருப்பு அடுத்த தபால்தலைக்குப் போதுமானது. கோடியக்கரை வேன் வாடகையில் இருநூறு ரூபாய் குறித்த ஐயம் தீர்க்கப்பட்டுவிட்டது.

கட்டடத்தின் உச்சியையும் மின்சாரத்தையும் வாடகையின்றித் தரும் உரிமையாளருக்கும், தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், சுண்டல் செய்து தந்த என் மனைவிக்கும் நன்றி. கயிறு பிடித்த அந்தத் தந்தைக்குத் தனி நன்றி. அவரை உறுப்பினராக்கலாம் என்று முன்மொழிகிறேன். சந்தாவையும் அன்றே தந்துவிட்டார், ரசீது போட முடியாமல் வைத்திருக்கிறேன்.

அடுத்த ஆண்டுக்கு ரிப்பீட்டரின் 12 வோல்ட் பேட்டரி மாற்ற வேண்டும். ஐந்து வயதாகிவிட்டது, மின்சாரம் போன இரவுகளில் மூன்று மணிக்கெல்லாம் 11 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. இதற்கும் நானே முன்பணம் போட்டுவிடுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம் என எழுதத்தான் உட்கார்ந்தேன். என் பதவிக் காலம் இந்தக் கூட்டத்தோடு முடிகிறது. மறுபடி நிற்பதாக இல்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். வேறு யாரும் முன்வராவிட்டால் என்ன செய்வது என்று வீட்டில் கேட்டார்கள்; பதில் சொல்லவில்லை.

செப்டம்பர் இறுதிக்குள், மழைக்கு முன், ஒரு ஞாயிறு காலை மேலே ஏறிக் கனெக்டர்களின் டேப்பைச் சரிபார்க்க வேண்டும். ரிப்பீட்டர் அறைச் சாவி என் வீட்டுக் கூடத்தில், நாட்காட்டிக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது.

73 (ஹாம் வழக்கில் நல்வாழ்த்துகள்).

செயலாளர்