அணி முதலில் ஊரில் குடியேறட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்க ஃபுட்பாலின் (பந்தைக் கையில் எடுத்து ஓடும் ஆட்டம், நம் கால்பந்து அல்ல) முதன்மை லீக்கான என்.எஃப்.எல். ஓய்ந்திருக்கும் வசந்த காலத்தில் நடக்கும் மற்ற ஃபுட்பால் லீக்குகளைப் பற்றி எழுதும் பலரும், 'என்.எஃப்.எல். கழித்துவிட்டவர்கள் ஆடுகிறார்கள், தரம் இல்லை, அதனால்தான் கூட்டம் இல்லை' என்கிறார்கள். எக்ஸ்.எஃப்.எல்., யு.எஸ்.எஃப்.எல். என்ற இரண்டு வசந்த கால லீக்குகள் இணைந்து, 8 அணிகளோடு 2024 மார்ச் 30 அன்று தொடங்கிய யு.எஃப்.எல்.லுக்கும் இதே தீர்ப்புதான். இந்தத் தீர்ப்பு தவறு.

ஓர் அணி பந்தை உதைத்து அனுப்ப, எதிரணி அதைப் பிடித்து ஓடிவரும் கிக்ஆஃபையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் உதைக்கும் அணி 40, 50 யார்டு முழு வேகத்தில் ஓடிவந்து எதிரணி மீது மோதும். தலையில் அடிபடுவது சகஜம். எக்ஸ்.எஃப்.எல். 2020இல் இதை மாற்றியது. உதைப்பவர் மட்டும் தன் பக்கத்தில் நிற்பார். மற்ற 10 பேரும் எதிரணியின் 35 யார்டு கோட்டில் நிற்க, எதிரே 30ஆவது கோட்டில் தடுப்பவர்கள். நடுவில் 5 யார்டுதான். பந்து பிடிபடும்வரை, அல்லது தரையில் பட்டு 3 விநாடி ஆகும்வரை, இரு வரிசையும் அசையக் கூடாது. ஓடிவரத் தூரம் இல்லாததால் மோதலின் வேகம் குறைந்தது, பந்தை எடுத்து ஓடும் அழகு மட்டும் அப்படியே இருந்தது. என்.எஃப்.எல்.லிலோ, பழைய முறையில் நடந்த 2024 பிப்ரவரி சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில், 13 கிக்ஆஃபில் ஒன்றைக்கூட யாரும் எடுத்து ஓடவில்லை. அடுத்த பருவத்திலேயே என்.எஃப்.எல். இந்த முறையைச் சில மாற்றங்களோடு எடுத்துக்கொண்டது. (இணைந்த யு.எஃப்.எல். 2024இல் அதைக் கைவிட்டது எனக்கு இன்னும் வருத்தம்.)

ஆட்டக்காரர்களும் அப்படித்தான். யு.எஸ்.எஃப்.எல்.லின் பர்மிங்ஹாம் ஸ்டாலியன்ஸில் ஆடிய பிராண்டன் ஆப்ரி, என்.எஃப்.எல்.லின் டாலஸ் கவ்பாய்ஸுக்குப் போய், தொடக்கத்திலிருந்து தொடர்ச்சியாக 35 ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுப்பது) அடித்தார். யு.எஃப்.எல்.லின் மிச்சிகன் பேந்தர்ஸுக்காக 2024 முதல் ஆட்டத்தில் 64 யார்டிலிருந்து அடித்த ஜேக் பேட்ஸை அதே ஆண்டு என்.எஃப்.எல்.லின் டெட்ராய்ட் லயன்ஸ் எடுத்துக்கொண்டது.

அப்படியானால் கோளாறு எங்கே? அணி ஊரில் குடியிருக்கவில்லை. 2024, 2025 இரண்டு பருவங்களிலும் எட்டு அணிகளும் டெக்சாஸின் ஆர்லிங்டனில் தங்கிப் பயிற்சி எடுத்தன. ஆர்லிங்டன் அணியைத் தவிர மற்றவை சொந்த ஊருக்கு ஆட்டத்துக்காக விமானத்தில் வந்து போவதோடு சரி. செலவு மிச்சம்தான். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு வந்து பேச, கடைத்தெருவில் கையெழுத்துப் போட, உள்ளூர் நிருபர் பயிற்சியைப் பார்த்து எழுத, ஊரில் ஓர் ஆட்டக்காரரும் இல்லாவிட்டால் டிக்கெட் எப்படி விற்கும்? 2022இல் யு.எஸ்.எஃப்.எல். தன் வழக்கமான ஆட்டங்கள் அத்தனையையும் பர்மிங்ஹாமிலேயே நடத்தியபோதே இது தெரிந்துவிட்டது. ஸ்டாலியன்ஸ் ஆடினால் மக்கள் வந்தார்கள். மற்ற ஆட்டங்களில் இருக்கைகள் காலியாகக் கிடந்தன.

விதிவிலக்கு செயின்ட் லூயிஸ். 2016இல் அதன் என்.எஃப்.எல். அணியான ராம்ஸ் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனபின் அணியில்லாமல் தவித்த அந்த ஊர், யு.எஃப்.எல். அணியான பேட்டில்ஹாக்ஸைத் தன் பிள்ளையாகவே தத்தெடுத்தது. 2024இல் ஒரே ஒரு ஆட்டத்துக்கு மட்டும் 40,000 பேருக்கு மேல் வந்தார்கள். அந்தப் பசி எல்லா ஊரிலும் தானாக வராது.

2026க்கு லீக் எடுத்த முடிவுகளில் ஒன்று சரி: டாலஸ், ஹூஸ்டன், கொலம்பஸ், லூயிவில், ஆர்லாண்டோ அணிகளைச் சிறிய கால்பந்து அரங்குகளுக்கு அனுப்பியது. மிச்சிகன் ஆடிய, சுமார் 65,000 பேர் அமரும் ஃபோர்டு ஃபீல்டு அரங்கில் சில ஆயிரம் பேர் சிதறி உட்கார்ந்தால் டி.வி.யில் பார்ப்பவருக்கும் உற்சாகம் போய்விடும். இன்னொரு முடிவு பெரும் பிழை. 2024 இறுதி ஆட்டம் வரை வந்த சான் அன்டோனியோவையும், 2025 இறுதி ஆட்டம் வரை வந்த மிச்சிகனையும் மெம்பிஸோடு சேர்த்து நீக்கிவிட்டார்கள். இறுதிவரை போனாலும் அணி நிலைக்காது என்றால், புதிதாக அணி கிடைத்திருக்கும் லூயிவில்காரர் எதை நம்பி முழுப் பருவ டிக்கெட் வாங்குவார்?

இனி இந்த லீக்கைப் பற்றி எழுதும்போது, ஆட்டக்காரர்கள் எந்த ஊரில் தங்கிப் பயிற்சி எடுக்கிறார்கள் என்பதையும் உங்கள் விளையாட்டுப் பக்கம் எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
டாலஸ், டெக்சாஸ்