குதிக்கக் கற்றுக்கொடுக்க எங்களுக்கும் பயிற்சி கொடுங்கள்

தென்னாப்பிரிக்கா, குவாசூலு-நடால் மாகாணக் கல்வித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பள்ளி வயது வராத பிள்ளைகளுக்கு ஒரு சின்ன கிரெஷ் (பிள்ளைகள் காப்பகம்) நடத்துகிறேன். கராஜைத்தான் வகுப்பறையாக்கி வைத்திருக்கிறோம்; பின்னால் கொஞ்சம் புல்தரை. 2022 ஏப்ரல் 1 முதல் கிரெஷ்களின் பொறுப்பு சமூக வளர்ச்சித் துறையிடமிருந்து கல்வித் துறைக்கு வந்துவிட்டது. அதனால் உங்களிடம் கேட்கிறேன்: ஓடவும் குதிக்கவும் பந்து பிடிக்கவும் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி என்று எங்கள் டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுங்கள்.

"அதற்கு எதற்குப் பயிற்சி, வெளியே விட்டால் தானாக ஓடப்போகிறார்கள்" என்பார்கள். ஓடுவார்கள், சரி. ஆனால் ஒற்றைக் காலில் நொண்டுவதும் வரும் பந்தைப் பிடிப்பதும் எல்லாருக்கும் தானாக வந்துவிடாது. நான்கு வயதுப் பிள்ளையிடம் டென்னிஸ் பந்தைப் போட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு கையையும் விறைப்பாக நீட்டுவார்கள். பந்து நெஞ்சில் பட்டுக் கீழே விழும். விவரம் தெரியாதவர், இந்தப் பிள்ளைக்கு விளையாட்டு வராது என்று விட்டுவிடுவார். தெரிந்தவர் பழைய தலையணை உறையில் துணி திணித்துப் பெரிய பந்தாகக் கட்டி, கிட்டே நின்று மெதுவாகப் போடுவார். பயம் தெளிந்ததும் கண் பந்தின் மேல் நிற்கும். அப்புறம் ஓரடி பின்னால் தள்ளி நிற்பார். எறிவதும் அப்படித்தான். வலக்கையால் எறியும் பிள்ளை வலக்காலையே முன்னால் வைத்தால், இடக்கால் வைக்க வேண்டிய இடத்தில் சாக்பீஸால் ஒரு பாதம் வரைந்து காட்டலாம்.

3, 4 வயதுப் பிள்ளைகள் நாளுக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும், அதில் 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்க வேண்டும் என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. தவழாத கைக்குழந்தைகூட விழித்திருக்கும்போது நாளில் 30 நிமிடமாவது குப்புறக் கிடந்து விளையாட வேண்டுமாம். எங்கள் பக்கத்தில் மழை பெய்தால் டிவி, வெயில் அடித்தாலும் டிவி. பெற்றோர் பார்க்கக் கேட்பதும் எழுதின நோட்டைத்தான். டீச்சர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரும் அவர்களுக்குச் செய்து காட்டவில்லை.

நாங்கள் போன ஒரு பயிற்சியில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தோம். அப்படி வேண்டாம். பயிற்சியாளர் எங்கள் இடத்துக்கே வரட்டும். டீச்சர் பிள்ளைகளோடு விளையாடுவதைப் பார்த்து, அங்கேயே திருத்தட்டும்; சில வாரம் கழித்து மறுபடி வரட்டும். தமிழ் வீடுகளில் தெரிந்த பாண்டியும் நொண்டியும், டின்களை அடுக்கிப் பந்தால் அடித்து இந்தத் தெருக்களில் நாங்கள் ஆடி வளர்ந்த த்ரீ டின்ஸும், ஜூலு டீச்சர்களுக்குத் தெரிந்த ஆட்டங்களும் பாடத்தில் சேரட்டும். விலை உயர்ந்த சாமான் எதுவும் நாங்கள் கேட்கவில்லை. கயிறு, பழைய டயர், சாக்பீஸ் போதும்.

முக்கியமாக இன்னொன்று. வேலை நாளில் ஒரு டீச்சர் வெளியே பயிற்சிக்குப் போனால் அன்றைக்குப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆளின் ஒருநாள் கூலியைத் துறை ஏற்றால்தான் சின்ன கிரெஷ்கள் வர முடியும்.

முதல் பயிற்சியை எங்கள் புல்தரையிலேயே வைத்துக்கொள்ளலாம். சனிக்கிழமைகளில் இடம் காலியாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் கிரெஷ் டீச்சர் ஒருவர்