புளியங்கொட்டைக் கணக்கு

மே மாதம் முழுவதும் எங்கள் பிள்ளைகளுக்குத் துணை நின்ற அனைவருக்கும்,

வணக்கம். பெண் பிள்ளைகளின் கால்பந்துப் பயிற்சி முகாம் சனிக்கிழமையோடு முடிந்தது. நன்றி சொல்ல மைக்கைப் பிடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஆகவே இந்த மடல்.

முதலில் கிரிக்கெட் தம்பிகளுக்கு. முழு மைதானம் கேட்டேன். வேப்பமரத்து ஓரமாக 30 மீட்டருக்கு 20 மீட்டர் கொடுத்தீர்கள். அன்று எனக்கு மனத்தாங்கல்தான். 9 முதல் 12 வயது வரை 14 பிள்ளைகள். ஏழுக்கு ஏழு என்று இறக்கிவிட்டேன். பந்தை ஈயாய் மொய்த்தார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த மீன்கார ஆயா, பேத்தியின் காலில் பந்து பட்டபோதெல்லாம் ஒரு புளியங்கொட்டையை மடியில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஆட்டம் முடிந்ததும் விரித்துக் காட்டினார். மூன்று. "இந்த மூன்றுக்கா ஷூ வாங்கிக் கொடுத்தேன்?" என்றார்.

மறுநாள் அதே இடத்தை இரண்டாகப் பிரித்தேன். மூவருக்கு மூவர், நான்கு நிமிடம் ஆட்டம், இரண்டு நிமிடம் ஓய்வு. மிஞ்சிய இருவர், பாதிக்கு ஒருவராக, பந்து யாரிடம் இருக்கிறதோ அந்தப் பக்கம் சேர்ந்து ஆட வேண்டும். "நான் மட்டும் உப்புக்குச் சப்பாணியா?" என்று ஒருத்தி உதட்டைப் பிதுக்கினாள். அந்த இடத்துக்குத்தான் பந்து அதிகம் வருகிறது என்று தெரிந்ததும் அதற்கே சண்டை. ஆயாவின் உள்ளங்கையில் அன்று கொட்டை நிற்கவில்லை.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஐயாவுக்குத் தனியாக நன்றி. அணியின் மூவரும் பந்தைத் தொட்ட பிறகே கோல் கணக்கில் சேரும் என்று நான் ஒரு விதி வைத்திருந்தேன். கூச்சப்படும் பிள்ளைக்கு உதவுவதாக நினைப்பு. நடந்ததோ, எல்லோரும் நின்று அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் காலோ தரையை விட்டு எழவில்லை. "விதியைப் பிள்ளையின் தலையில் வைக்காதே, கோலில் வை" என்றார் ஐயா. பக்கத்துக்கு இரண்டு சின்னக் கோல் வைத்தோம். எது காலி என்று பார்க்கத் தலை நிமிர்ந்தே ஆக வேண்டும். தூரத்துக் கோல் காலியாக இருப்பதை முதலில் கண்டவள் அந்தக் கூச்சக்காரிதான்.

கோல்களை மீந்த பிவிசி குழாயில் செய்து, காற்றில் சாயாமல் அடிக்குழாயில் மணல் நிரப்பித் தந்த பிளம்பர் அண்ணன், இரட்டைச் சடையில் சிக்காதபடி பக்கவாட்டில் ஒட்டுப்பட்டி வைத்து அணிச்சட்டை தைத்த தையல்கடை அக்கா, 5ஆம் எண் பந்துகளை மறுபேச்சில்லாமல் சிறிய 4ஆம் எண்ணுக்கு மாற்றித் தந்த விளையாட்டுப் பொருள் கடைக்காரர், மூவருக்கும் நன்றி.

முழங்கால் தசைநார் கிழியும் ஆபத்து, வளரும் பருவத்துப் பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடியாமல் பழக்க, ‘ஃபிஃபா 11 பிளஸ்’ என்ற காயத்தடுப்புப் பயிற்சிகளை வாரம் இருமுறை வந்து சொல்லிக் கொடுத்தார் இயன்முறை மருத்துவர் அம்மா. பெட்ரோலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

பெற்றோரிடம் நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசனின் ஊர் கடலூர். பெண்ணுக்கு எதற்குப் பந்து என்று இங்கே யாரும் கேட்கவில்லை. இருட்டுவதற்குள் அனுப்பிவிடுங்கள் என்று மட்டும் கேட்டார்கள். ஒரு நாள் தவறினேன், மன்னிக்கவும்.

ஆயா, உங்கள் புளியங்கொட்டைப் பை என் வண்டிப் பெட்டியிலேயே தங்கிவிட்டது. திங்கட்கிழமை மாலை கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
பயிற்சியாளர், கடலூர்