பார்ப்பதுதான் எங்கள் வேலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். யோகா தினத்துக்கு மறுநாள் உங்கள் இதழில் வந்த படங்களைப் பார்த்தேன். மைதானம் கொள்ளாத பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில், வரிசை பிசகாமல் விருட்சாசனத்தில், அதாவது ஒரு காலை மடித்து ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மதுரையில் 17 வருடமாக யோகா சொல்லிக்கொடுக்கிறவள் நான். என் கண் நேராகப் போய் நின்றது மூன்றாவது வரிசையில் ஒரு பையன் மேல். மடித்த பாதத்தை, ஊன்றிய காலின் முட்டி மேலேயே அழுத்திக்கொண்டு நிற்கிறான். பாதம் தொடையில் இருக்கலாம், முடியாவிட்டால் கெண்டைக்காலில் இருக்கலாம். முட்டியில் பக்கவாட்டாக அழுத்தக் கூடாது. அருகில் யாராவது இருந்து பாதத்தை நாலு விரற்கடை நகர்த்தி வைத்திருந்தால் போதும், இரண்டு விநாடி வேலை.

அந்த இரண்டு விநாடி வேலையைத்தான் நாங்கள் தொழிலாகச் செய்கிறோம். மூச்சை எங்கே பிடித்து வைக்கிறார், எந்தத் தோள் தூக்கி நிற்கிறது, எழும்போது யார் சுவரைத் தேடுகிறார் என்று பார்க்கிறோம். பார்ப்பதற்கு நேரமும் இடமும் குறைந்துகொண்டே வருவதுதான் இன்று யோகா ஆசிரியர்களின் பெரிய சிக்கல். மற்றதெல்லாம் இதன் கிளைகள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒன்று சொல்கிறேன். சென்ற ஆண்டு என் காலை வகுப்பில் 54 வயது அம்மா ஒருவர் சேர்ந்தார். சேரும்போது நான் எழுதி வாங்கும் தாளில் 'உடம்புக்கு ஒன்றும் இல்லை' என்று எழுதியிருந்தார். மூன்றாம் நாள், வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டிவிட்டுக் கைப்பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்துக் கண்ணில் விட்டுக்கொண்டார். கேட்டேன். "கண்ணுல பிரஷர் டீச்சர், அது கண்ணுதானே, உடம்புக்கு என்ன?" என்றார். அவர் முதல் நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது சிரசாசனம். தலைகீழாக நின்றால் கண்ணின் அழுத்தம் ஏறும்; குளுக்கோமா என்கிற இந்தக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது. எடுத்துச் சொன்னேன். கொஞ்சம் முகம் வாடியது. அடுத்த மாதம் வேறு வகுப்புக்குப் போய்விட்டார். அங்கே பத்தே நாளில் சுவரோரமாக நிற்க வைத்துவிட்டார்கள். படம் எடுத்து எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினார், அவ்வளவு சந்தோஷமாக. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. உடனே போன் செய்து, கண் டாக்டரிடம் இந்தப் படத்தைக் காட்டுங்கள் என்று கெஞ்சினேன். காட்டினார். டாக்டர் அன்றே நிறுத்தச் சொல்லிவிட்டார். இப்போது அவர் யோகாவே வேண்டாம் என்று நடைப்பயிற்சி மட்டும் போகிறார்.

அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் போனில் தினமும் வரும் வீடியோக்களில் ஒன்றில்கூட 'இதை யார் செய்யக் கூடாது' என்று சொல்வதில்லை. மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் அப்படித்தான். உயர் ரத்த அழுத்தம், குடலிறக்கம், கர்ப்பம் என்றால் தவிர்க்க வேண்டிய பயிற்சி அது. வீடியோவில் எண்ணிக்கைதான் ஏறுகிறது, நூறு, இருநூறு, ஐந்நூறு என்று. கூடாது என்று சொல்கிற டீச்சருக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடுகிறது.

கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்பு எடுத்தோம். அது இல்லையென்றால் பல பேர் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது, அதை மறுக்கவில்லை. வெளியூர் மாணவர்களுக்கு இன்றும் எடுக்கிறேன். ஆனால் பாதிப் பேர் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். திரையில் பெயர் எழுதிய கறுப்புக் கட்டங்கள். கழுத்தைத் தளர்த்துங்கள் என்று யாரைப் பார்த்துச் சொல்வது?

அப்புறம் வாக்குறுதி கேட்கிறவர்கள். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் பேசப் போனபோது முதல் கேள்வியே "முப்பது நாளில் எத்தனை கிலோ குறையும்?" என்பதுதான். ஆளுக்கு ஆள் மாறும், சாப்பாடும் தூக்கமும் சேர்ந்தது என்றேன். பத்து கிலோ உத்தரவாதம் என்றவருக்கு வகுப்பைக் கொடுத்துவிட்டார்கள். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது, உங்கள் டாக்டரிடம் கேளுங்கள் என்பதே என் பதில். நேர்மையான பதில்தான், ஆனால் இதைச் சொல்லிச் சொல்லியே ஆட்களை இழக்கிறோம்.

சம்பளத்துக்கு வருகிறேன். ஆயுர்வேதம், யோகா, சித்தா போன்ற முறைகளுக்கான அரசின் ஆயுஷ் நல வாழ்வு மையங்களுக்கு யோகா பயிற்றுநர் எடுக்கும் அறிவிப்புகளை உங்கள் வாசகர்கள் பார்த்திருப்பார்கள். ஒரு மணி நேர அமர்வுக்கு 250 ரூபாய். ஆண் பயிற்றுநருக்கு மாதம் 32 அமர்வு, 8,000 ரூபாய். பெண் பயிற்றுநருக்கு 20 அமர்வு, 5,000 ரூபாய். என் வகுப்புக்கு வருகிறவர்களில் பத்தில் எட்டுப் பேர் பெண்கள்; ஆசிரியை என்பதால்தான் வருகிறோம் என்று வாய்விட்டுச் சொல்கிறார்கள். பிறகு ஏன் எங்களுக்கு 20? 5,000 ரூபாயில் ஒருத்தி பஸ் ஏறிப் போய்வந்து, வீட்டு வாடகையும் கொடுத்து, இதையே தொழிலாக வைத்துக்கொள்ள முடியாது. நல்ல ஆசிரியைகள் இரண்டு வருடத்தில் ஜவுளிக்கடைக்கோ பள்ளி அலுவலகத்துக்கோ வேலைக்குப் போய்விடுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். 2025 செப்டம்பரில் யோகா மையங்களுக்கான ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு ஜி.எஸ்.டி. பதிவே தேவையில்லை, எங்களில் முக்கால்வாசிப் பேர் அந்தத் தொகையை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

சான்றிதழ் கதை வேறு. ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றிதழ் வாரியம் தேர்வு நடத்துகிறது. நானும் எழுதித் தேறினேன். இன்னொரு பக்கம் அமெரிக்க அமைப்பு ஒன்றின் 200 மணி நேர ஆசிரியர் பயிற்சிக் கணக்கு உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. 200 மணி நேரத்தை ஒரு மாதத்துக்குள் முடித்துவிட்டு நேராகப் பலகை மாட்டுகிறவர்களும் உண்டு. எந்தச் சான்றிதழும் இல்லாமல் மாட்டினாலும் கேட்க ஆளில்லை. என்னைக் கேட்டால் தேர்வைவிட முக்கியம், ஒரு மூத்த ஆசிரியர் பக்கத்தில் ஒரு வருடமாவது நின்று அவர் எதைப் பார்க்கிறார் என்று பார்ப்பது.

யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1930-களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் இளம் பையன்களுக்கு வேகமும் குதியுமாகக் கற்றுக்கொடுத்தவர் அவர். 1952-இல் பக்கவாதம் கண்ட ஒருவருக்கு உதவ சென்னைக்கு அழைக்கப்பட்டார், இங்கேயே தங்கிவிட்டார். இங்கே நோயாளிகள், வயதானவர்கள், இல்லத்தரசிகள் என்று ஒவ்வொருவராக உட்கார வைத்து அவரவருக்கு ஏற்றதைக் கொடுத்தார். ஆள் மாறியதும் பயிற்சியை மாற்றினார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் அந்த வழியில் நடக்கிறது. உலகத்தில் இன்று பயிலும் யோகாவில் கணிசமான பகுதி அவருடைய மாணவர்கள் வழியாகப் போனது. ஆனால் ஆளைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கும் அவருடைய சென்னைப் பழக்கம் நம் ஊர் வகுப்புகளிலேயே அருகிவருகிறது.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. ஜூன் முதல் வாரத்தில் எனக்குப் போன் வரும். "மிஸ், 21-ஆம் தேதி ப்ரோக்ராம், பத்து ஆசனம், டிரோனில் எடுத்தா நல்லா வரணும்." வேலை பத்து நாள். ஜூலையில் கூப்பிட்ட பள்ளி இதுவரை ஒன்றுதான். 2014 டிசம்பரில் ஐ.நா. சபை ஜூன் 21-ஐ யோகா தினமாக அறிவித்தபோது எங்களுக்கெல்லாம் எவ்வளவு மகிழ்ச்சி! மாற்றம் வந்ததும் உண்மை. முன்பு வயதானவர்கள் சமாசாரம் என்று ஒதுங்கிய இளைஞர்கள் இப்போது வருகிறார்கள். வருகிறவர்களைக் கவனிக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு வருடம் முழுக்கச் சம்பளம் வேண்டும். வாரம் இரண்டு பிரிவேளை, ஒரு வகுப்புக்கு முப்பது பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம் என்று பள்ளிக்கல்வித் துறை ஒரு உத்தரவு போட்டால், மைதானத்தில் பார்த்த அந்தப் பையன் பாதத்தை எங்கே வைப்பது என்று ஒரே மாதத்தில் கற்றுக்கொள்வான்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வாரந்தோறும் ஞாயிறு இணைப்பில் ஒரு ஆசனப் படமும் அதன் பலன்களும் போடுகிறீர்கள். அதன் கீழே, யாரெல்லாம் செய்யக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். எழுத்து சிறிதாக இருக்க வேண்டாம், கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறவர்களும் படிக்கும்படி இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு யோகா ஆசிரியை,
மதுரை.